அக்காவுக்கு ஒரு குவில்ட்: இருபதில் பதின்மூன்று கட்டம் முடிந்தது

துணிக் கட்டங்களை இணைத்துத் தைக்கும் போர்வை இது, ஜனவரியில் ஆரம்பித்த வேலை. நேற்று ராத்திரி பதின்மூன்றாவது கட்டத்தை ஃபிரேமிலிருந்து கழற்றினேன். வெள்ளைப் பருத்தியில் ஆறங்குலச் சதுரம், நடுவில் காம்புத் தையலில் ஒற்றைச் செருப்பு. யார் பார்த்தாலும் அது செருப்புதான். அக்கா பார்த்தால், அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு வைகைக் கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, சுடுகிற தார் ரோட்டில் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து அவள் வீடு வந்து சேர்ந்தது.

இப்படித் தைக்க வேண்டும் என்று முதலிலேயே தெரிந்திருக்கவில்லை. குவில்ட்டில் ரகசியச் செய்தி என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்க அடிமைகளின் கதை. தப்பி ஓடுகிறவர்களுக்கு வழி காட்ட வேலியில் போர்வையைக் காயப்போடுவார்களாம், இந்த டிசைன் என்றால் மூட்டை கட்டு, அந்த டிசைன் என்றால் வடக்கே கிளம்பு. நானும் நம்பி, அதே டிசைன்களைக் காகிதத்தில் வரைந்துகூட வைத்திருந்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இது பரவியது 1999-ல் வந்த ஒரு புத்தகத்தால், அந்தப் புத்தகம் ஒரே குடும்பத்தில் சொல்லிவந்த கதையை நம்பி எழுதப்பட்டது, ஆதாரம் எதுவும் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் மறுக்கிறார்கள். எனக்கு ஒரு வாரம் மனசே சரியில்லை. அந்தக் காகிதங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான், நான் பதினொரு வருடமாக இருக்கும் இந்தச் சிங்கப்பூரிலேயே நடந்த ஒன்று கண்ணில் பட்டது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. வெள்ளைக்காரக் குடிமக்களை நடத்திக் கொண்டுபோய் சாங்கி சிறையில் அடைத்தார்கள். 600 பேருக்குக் கட்டிய சிறை, அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் ஒரு பக்கம். எத்தெல் முல்வானி என்ற கனடாக்காரப் பெண் ஒரு யோசனை சொன்னார்: ஆளுக்கு ஆறங்குலத் துணி ஒன்று, அதில் உங்களைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தையுங்கள், பெயரையும் போடுங்கள், சேர்த்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் காயம்பட்ட வீரர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஒரு போர்வைக்கு 66 கட்டம். பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கும் ஒன்று. அந்த மூன்றாவதைச் செய்யாமல் இருந்திருந்தால் மற்ற இரண்டும் வாசலைத் தாண்டியிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கடிதம் போக வழியில்லாத இடம். அந்தப் போர்வையில் மனைவியின் பெயரைப் பார்க்கிற கணவனுக்கு அதுவே போதும், அவள் உயிரோடு இருக்கிறாள். காவலுக்கு நின்றவர்கள் கண்ணுக்கு அது பூ, வீடு, பறவை. சங்கேத மொழி எதுவும் தேவைப்படவில்லை, தைத்தவளைத் தெரிந்த ஒருவர் பார்த்தால் போதும். இதைப் படித்த அன்றைக்கே என் போர்வை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பீப்பிள்ஸ் பார்க் துணிக்கடையில் வெள்ளைப் பருத்தி மூன்று மீட்டர் வாங்கினேன். 66 கட்டம் எனக்குத் தாங்காது, நாலுக்கு ஐந்து என்று இருபது. கால் அங்குலத் தையல் விளிம்பு நாலு பக்கமும் வேண்டும் என்பதால் ஆறரை அங்குலமாக வெட்டிக்கொண்டேன்.

கட்டங்களுக்கு நடுவே வரும் பட்டைக்கு அம்மாவின் அரக்குச் சுங்குடி. அம்மா அதை நாலைந்து தடவைதான் கட்டியிருப்பார். வெட்ட மனசு வரவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் முந்தானையை அப்படியே விட்டுவிட்டு உடம்புப் பகுதியில் இரண்டரை அங்குலப் பட்டைகளாக வெட்டினேன். வெட்டிய இடத்தில் பழைய அலமாரி வாசனை வந்தது.

பிப்ரவரியில்தான் தப்பு நடந்தது. நாலு கட்டத்தைச் சுங்குடிப் பட்டையோடு இணைத்து, பென்சில் கோடு போகட்டும் என்று வாளியில் ஊறவைத்தேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் முழுக்கச் சிவப்பு, வெள்ளைக் கட்டம் நாலும் ரோஸ் கலர். திரும்பத் திரும்ப அலசியதில் இரண்டு பரவாயில்லை, இரண்டை மறுபடி தைக்க வேண்டியதாகிவிட்டது. பழைய புடவைதானே என்று நினைத்தது தப்பு, அதிகம் துவைக்காத புடவை புதுப் புடவை மாதிரிதான். மிச்சமிருந்த பட்டைகளைத் தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஆறு முறை அலசிவிட்டுத்தான் மறுபடி கையில் எடுத்தேன். சாங்கியில் செய்த ஆஸ்திரேலியப் போர்வையின் பின்பக்கம், காயம்பட்ட வீரர்களுக்கு என்று எழுதிய வரிகளோடு சேர்த்து, இதை டிரை கிளீன் செய்வது நல்லது என்றும் தைத்திருக்கிறார்கள். சிறைக்குள் பசியோடு உட்கார்ந்திருந்த பெண்கள், போர் முடிந்த பிறகும் இந்தத் துணி இருக்கும், யாராவது இதைத் துவைக்க எடுப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். என் வாளியைப் பார்த்த பிறகு அந்த வரி எனக்கு வேறு மாதிரி புரிந்தது. அது இப்போது கான்பெர்ராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது.

மார்ச்சில் ஓரத்துக்கு, தந்தியில் பயன்பட்ட மோர்ஸ் குறியீட்டு முறையில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஓட்டுத் தையலில் போட்டுப் பார்த்தேன், குட்டித் தையல் புள்ளி, நீளத் தையல் கோடு. 1941-ல் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்த காஸ்டாக்லி என்ற பிரிட்டிஷ் மேஜர் ஒரு பூத்தையல் துணியின் ஓரத்தில் ஹிட்லரைத் திட்டி இப்படித்தான் தைத்தார், விஷயம் தெரியாமல் ஜெர்மானியர்களே அதை முகாம்களில் காட்சிக்கு வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் வந்தது. ஆனால் அக்காவுக்கு மோர்ஸ் தெரியாது. பக்கத்தில் ஒரு அட்டவணையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் அது பரீட்சை மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் முழுவதையும் பிரித்துவிட்டேன், ஊசித் துளைகள் இன்னும் தெரிகின்றன.

முடிந்த கட்டங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது நாலு இதழ் செம்பருத்தி. செம்பருத்திக்கு ஐந்து இதழ். சின்ன வயதில் நான் எங்கே வரைந்தாலும் நாலுதான் போடுவேன், எண்ணிப் பார் எண்ணிப் பார் என்று அக்கா தலையில் குட்டுவாள். அப்புறம் ஜன்னல் கட்டம், மூன்று கம்பியில் நடுக் கம்பி மட்டும் வளைந்திருக்கும். அது ஏன் வளைந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

இன்னும் முடிவாகாத விஷயம் ஒன்று இருக்கிறது. அக்காவுக்குப் புரியும், அவள் மகளுக்கு? அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் பைபிள் கதைகளை 11 படங்களாகத் தைத்த போர்வை ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1891-ல் பணக் கஷ்டத்தில் அதை விற்றார், பத்து டாலர் கேட்டார், ஐந்துதான் கிடைத்தது. கொடுக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் கதை சொன்னார், வாங்கிய ஜென்னி ஸ்மித் அதை எழுதி வைத்தார். அதனால்தான் இன்றைக்கு நம்மால் அவர் மனதில் இருந்ததைப் படிக்க முடிகிறது. விற்ற பிறகும் அந்தப் போர்வையைப் பார்க்க அவர் திரும்பத் திரும்பப் போனார் என்று படித்தபோது அம்மாவின் முந்தானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சிலி நாட்டில் பினோசெட்டின் ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் தாய்மார்கள் தைத்த துணிப் படங்களின் பின்னால் சின்னப் பை வைத்து, அதில் ஒரு சீட்டைச் செருகி அனுப்பினார்கள். நானும் பின்பக்கம் அரக்குச் சுங்குடியில் ஒரு பை தைத்துவிட்டேன். சீட்டு எதுவும் வைக்கப்போவதில்லை. அக்கா எழுதி மகளுக்காக வைக்கட்டும்.

போன வாரம் பொறுக்க முடியாமல் செம்பருத்திக் கட்டத்தை மட்டும் போட்டோ எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் மதுரைக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன். எடுத்ததும் அக்கா கேட்டாள், "ஏன்டி, புதுசா வெள்ளையடிச்ச செவுத்துல இதை வரைஞ்சு வச்சதுக்கு அப்பாகிட்ட அடி வாங்கினது நீயா, நானா?"

நான்தான். இன்னும் ஏழு கட்டம் இருக்கிறது. அந்தச் சுவர் என் பட்டியலிலேயே இல்லை, அதையும் சேர்க்க வேண்டும்.