பத்தாம் நாள்

"அண்ணே, ஹால் பெரிசு. இன்னும் நாலு நாள் இருக்கட்டுமே" என்றான் சென்ட்ரிங் தம்பி.

"பிரிக்கச் சொன்னா பிரி" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். ஆறு வருடமாகியும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

ஹால் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. சென்ட்ரிங், அதாவது தளம் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும், இன்னும் கீழே நின்றது. வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார். பூச்சு வேலையைத் தொடங்கியாக வேண்டும். தாங்கும் சுவர்களுக்கு இடையே தளத்தின் நீட்டம் 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாளில் முட்டு எடுக்கலாம், தாண்டினால் 14 நாள் என்பது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் விதி. எனக்குத் தெரியாததல்ல. ஹால் 5 மீட்டர். அரை மீட்டர்தானே, பாத்தி கட்டி நன்றாகத் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோமே என்று நினைத்தேன். சில நாள் இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

1999 கார்கில் போரின்போது நான் ராணுவத்துக்குப் பொருள் கொண்டுசேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் லாரி டிரைவர். காஷ்மீரில் சோனாமார்க்கிலிருந்து ஜோஜி லா கணவாய் ஏறி திராஸுக்கு பீரங்கிக் குண்டுகள் கொண்டுபோவோம். ஒவ்வொன்றும் 40 கிலோவுக்கு மேல். டோலோலிங் மலை எதிரி கையில் இருந்தவரை சாலை அவர்கள் கண்ணுக்குக் கீழேதான். அதனால் ராத்திரிப் பயணம், ஹெட்லைட் கிடையாது. ஒருநாள் முன்னால் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. "சாப், கொஞ்சம் நிற்கலாமா?" என்று கேட்டேன். "சலோ" என்றார் கான்வாய் அதிகாரி. போனோம், சேர்ந்தோம். நின்றிருந்தால் அங்கே பீரங்கிகள் குண்டில்லாமல் கிடந்திருக்கும். சொன்ன தேதியில் சாவி கொடுப்பவன் என்று இன்று எனக்கிருக்கும் பெயர் அந்தச் சாலையில் கற்றதுதான்.

ஆனால் அந்த அதிகாரி முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான் தெருவில் நின்றேன்.

தம்பி ஒன்றும் பேசாமல் உள்ளே போனான். நடு முட்டில் ஆரம்பித்தான், அதுதான் முறை. ஆப்பில் ஒரு தட்டு, மேலே ஒரு பார்வை, அப்புறம் இன்னொரு தட்டு. தளர்ந்து சாய்ந்த சவுக்குக் கம்பைத் தோளில் வாங்கிக்கொண்டான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தளம் நின்றது. இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. அப்படியானால் நான் சொன்னது சரியா? விழுந்திருந்தால் மட்டும்தான் தப்பா?

அடுத்த வேலைக்குக் கூப்பிட்டபோது "வேற சைட் இருக்குண்ணே" என்றான். உண்மையிலேயே இருந்திருக்கலாம்.

அதன்பின் சென்ட்ரிங் பிரிக்கும் நாளில் நானும் உள்ளே போய் நிற்கிறேன். போன மாதம் ஒரு பெரிய ஹாலை 12-ஆம் நாளே பிரித்தோம். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.