பாலிக் பூலாவ் ஜாதிக்காயில் பழக்கட்டி

பினாங்குக்கு வருகிறவர்கள் சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால், தீவின் தென்மேற்கிலுள்ள பாலிக் பூலாவ் வரை போய், ஊறுகாய் போடாத புதுக் காயையே வாங்குங்கள். ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரக் கட்டடத்திலிருந்து 401E பேருந்து போகிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட பயிர் இது.

ஸ்பெயினில், ஆப்பிள் வகையைச் சேர்ந்த குயின்ஸ் பழத்தைச் சர்க்கரையோடு கிளறிக் கட்டியாக்குவார்கள். நாக்கை இழுக்கும் துவர்ப்பு, கெட்டியான வெளிர்மஞ்சள் சதை, உறையவைக்கும் பெக்டின் மூன்றும் ஜாதிக்காயிலும் உண்டு. அதனால் அதே முறை இதற்கும் அழகாகப் பொருந்துகிறது. நிறம் மட்டும் மாறும்: குயின்ஸ் வேக வேகச் சிவக்கும், இது தேன்பழுப்பில் நின்றுவிடும்.

2 கிலோ காய் போதும். பிளவு விடத் தொடங்கிய மஞ்சள் காய்களோடு கால் பங்கு பச்சைக் காயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெக்டின் பச்சையில்தான் அதிகம். கொட்டையையும் அதைச் சுற்றியுள்ள சிவப்புப் பத்திரியையும் எடுத்துத் தனியே காயவையுங்கள். மணம் கூடட்டும் என்று கொட்டையைத் துருவிப் போட வேண்டாம்; அளவு மீறினால் உடம்புக்கு ஆகாது, சதையின் மணமே தாராளம்.

தோல் சீவ எவர்சில்வர் கத்திதான் சரி, இரும்பு பட்டால் சதை கறுக்கும். நறுக்க நறுக்க உப்புத் தண்ணீரில் போடுங்கள் (2 லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி உப்பு). ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் அலசி, 10 நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். துவர்ப்பில் பெரும்பகுதி அதோடு போகும். அதற்குமேல் கொதிக்கவிட்டால் பெக்டினும் சேர்ந்து போய்விடும். பிறகு மூழ்கும் அளவு புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் விட்டு அரைத்து, சல்லடையில் தேய்த்தெடுங்கள்.

விழுதை நிறுத்துப் பார்ப்பது முக்கியம். 1 கிலோ விழுதுக்கு 900 கிராம் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி கஸ்தூரி எலுமிச்சைச் (சின்ன உருண்டை எலுமிச்சை) சாறு. சர்க்கரை முழுதும் கரையும்வரை சிறுதீ; அவசரப்பட்டால் பின்னால் மணல்மணலாகப் பூக்கும். அடிகனத்த சட்டியில், நீளக் காம்புள்ள மரக்கரண்டியால் கிளறுங்கள். கெட்டியாகும்போது கொப்புளம் வெடித்துத் தெறிக்கும். கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கரண்டியால் அடியில் கோடு இழுத்தால், அது உடனே மூடாமல் சட்டியின் அடி தெரிந்தபடி நிற்க வேண்டும். அதற்குமுன் இறக்கினால் எத்தனை நாள் வைத்தாலும் தண்ணீர் கசியும்.

எண்ணெய் தடவிய காகிதம் விரித்த தட்டில் 2 சென்டிமீட்டர் கனத்துக்கு ஊற்றுங்கள். பினாங்கு ஈரக்காற்றில் வெளியே வைத்து உலர்த்த முடியாது. மேற்பரப்பு பிசுபிசுக்கும், எறும்பு வேறு. குளிர்சாதன அறையில் ஓர் இரவு திறந்து வைத்தால் அருமையாக இறுகும். துண்டு போட்டு, காகிதத்தில் சுற்றி, குளிர்பெட்டியில் வையுங்கள். விமானத்தில் கொண்டுபோகிறவர்கள், விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள். கைப்பையில் இருந்தால் பசைப் பொருள் என்று சோதனையில் எடுத்துவிடக்கூடும்.