ஏரி மேல் வண்டி

2025 ஜனவரி 5, ஞாயிறு, காவேரிப்பட்டணம்

காலையில் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்திலிருந்து பையன் பேசினான். வருகிற சனிக்கிழமை நண்பர்களோடு, பனி மேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியை வாடகைக்கு எடுத்து, உறைந்த ஏரி மேல் ஓட்டப்போகிறானாம். வீட்டுக்காரி காதில் 'ஏரி மேல் வண்டி' மட்டும்தான் விழுந்தது. அப்புறம் அவள் காபியைத் தொடவே இல்லை. எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். வெளியே, "அங்கே எல்லாரும் ஓட்டறதுதானே" என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 6, திங்கள்

பையன் பாதுகாப்புப் பாடம் படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறான். 1976-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த மாநிலத்தில் அது கட்டாயம். சரி, பாதி நிம்மதி.

அவன் சொன்ன கணக்கை மாங்காய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். புதிதாக உறைந்த தெளிந்த ஐஸ் 4 அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம். ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7 அங்குலம் வேண்டும். வெள்ளை ஐஸ் என்றால் அதில் இரண்டு மடங்கு. இவ்வளவும் சொல்லிவிட்டு, எந்த ஐஸையும் முழுசாக நம்பாதே என்று அந்த மாநில இயற்கை வளத் துறையே எச்சரிக்கிறது.

பனி கொட்டக் கொட்ட ஐஸ் கெட்டிப்படும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நேர்மாறாம். மேலே விழுந்த பனி கம்பளி மாதிரி மூடிக்கொள்ள, அடியில் ஐஸ் மெதுவாகத்தான் தடிக்கும்.

ஜனவரி 8, புதன்

ஒகேனக்கலில் பரிசல் ஓட்டும் மச்சான் வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அங்குலக் கணக்கெல்லாம் அவன் கேட்கவில்லை. "அந்த ஏரிக்குத் தண்ணி எங்க வருது மாமா, எங்க வெளிய போவுது?" என்றான்.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. ராத்திரி விசாரித்துவிட்டுச் சொன்னான்: ஓடை சேருமிடம், ஊற்றுக்கண், பாலத்தடி, ஏரி குறுகி இழுப்பு எடுக்குமிடம், இங்கெல்லாம் ஐஸ் மெல்லிசாகத்தான் இருக்குமாம். ஒரே ஏரியில் கரையோரம் ஒரு கனம், நடுவில் ஒரு கனம். அதனால் 150 அடிக்கு ஒருமுறை துளை போட்டு அளக்கச் சொல்கிறார்கள். ஐஸைப் பார்க்காத மச்சானுக்கு இது எப்படித் தெரிந்தது? தண்ணீர் தெரிந்தவன், அவ்வளவுதான்.

கிளம்பும்போது, "லைஃப் ஜாக்கெட் போடாதவன நான் பரிசல்லயே ஏத்த மாட்டேன், அவன்கிட்ட சொல்லுங்க" என்றான். பையனிடம் சொன்னேன், மிதக்கும் கோட்டு வாங்கியாகிவிட்டதாம். இருட்டியபின் ஓட்டாதே என்று நான் சேர்த்துச் சொன்னேன். வேகமாகப் போகும்போது விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் கண்ணில் படுவதற்கும் வண்டி நிற்பதற்கும் இடையில் தூரம் போதாது.

ஜனவரி 10, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எட்டாவது படிக்கையில் எருமையைத் துரத்திக்கொண்டு, வற்றின ஏரிக்குள் இறங்கினேன். மேலே வெடித்துக் காய்ந்த ஏடு, அடியில் கொழகொழவென்று சேறு. இடுப்பு வரை போய்விட்டது. தாத்தா கரையிலிருந்து கத்தினார்: "நிக்காதடா, படு! வந்த வழியே திரும்பு!" குப்புறப் படுத்து ஊர்ந்துதான் வந்தேன்.

ஐஸ் உடைந்து விழுந்தாலும் அதேதான் செய்யச் சொல்கிறார்கள். வந்த பக்கமே திரும்பு, அதுவரை உன்னைத் தாங்கியது அந்த ஐஸ்தான். கழுத்தில் தொங்கும் ஆணி பதித்த கட்டைகளை ஐஸில் குத்திப் பிடி, காலை உதைத்து மேலேறு. ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே விலகு. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்து கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் தானே பனித்தண்ணீரில் இறங்கிப் பார்த்தவர். அவர் கணக்கு 1-10-1. மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிஷம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிஷம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். பதறி முதல் நிமிஷத்தைத் தொலைத்தால் மற்ற இரண்டும் இல்லை.

இதை வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. தாத்தா கதையை மட்டும் பையனுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன்.

ஜனவரி 12, ஞாயிறு

காலை ஏழுக்கு அழைப்பு, அங்கே சனிக்கிழமை சாயங்காலம். கரையோரம் 8 அங்குலம், அடுத்த துளையில் 6. ஏரி குறுகும் இடத்துக்கு முன்னால் போட்ட துளையில் மூன்றரை. அங்கேயே திரும்பி, வந்த தடத்திலேயே கரையேறி, காட்டுப் பாதையில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வந்துவிட்டார்களாம். முழு நாள் வாடகை போச்சு என்று அவனுக்கு வருத்தம். வீட்டுக்காரி இரண்டாவது காபி கேட்டாள்.

துளையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அதை மச்சானுக்குத் தள்ளிவிட்டேன். பெரிசாக்கிப் பார்த்திருப்பான் போல, உடனே கூப்பிட்டான்.

"வெள்ளையா இருக்கே மாமா. மூன்றரையில பாதியத்தான் கணக்கு வெக்கணும்."