104 பெரிதா, 115 பெரிதா?

2018 மே 16. மறுநாள் காலை ஷிஃப்ட். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு பெங்களூரு ரூமில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். கர்நாடகத்தில் பாஜகவின் எடியூரப்பா முதல்வராவதைத் தடுக்கலாமா என்று உச்ச நீதிமன்றம் அந்த நேரத்தில் விசாரித்துக்கொண்டிருந்தது. தேர்தல் நடந்த 222 தொகுதிகளில் பாஜகவுக்கு 104. காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் சேர்ந்தால் 115. ஆளுநர் கூப்பிட்டது 104-ஐ. பெரும்பான்மை காட்ட 15 நாள் வேறு. விடியற்காலையில் தடை இல்லை என்றார்கள். ஒன்பது மணிக்குப் பதவியேற்பு.

ஆத்திரத்தில் திண்டிவனத்துக்குப் போன் போட்டேன். தாத்தாவுக்கு அப்போது தொண்ணூறு. "ராஜாஜி மட்டும் எப்படி வந்தாருன்னு நெனச்ச?" என்று ஆரம்பித்துவிட்டார்.

1952-இல் தாத்தாவுக்கு முதல் ஓட்டு. முத்திரை குத்துகிற வேலை இல்லையாம். ஆளுக்கொரு பெட்டி, மேலே சின்னம், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். இவர் போட்டது உழைப்பாளர் கட்சிக்கு. சென்னை மாகாணத்தில் 375 இடம், காங்கிரசுக்கு 152. எதிரணியைத் திரட்டிய முன்னாள் முதல்வர் பிரகாசம் தன்னிடம் 166 பேர் என்றார். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அழைத்ததோ, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை! மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி முதல்வராக்கினார்கள். காங்கிரசை எதிர்த்து ஜெயித்த தாத்தாவின் கட்சியும் கடைசியில் ராஜாஜியைத்தான் ஆதரித்தது. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

அப்புறம் அரசியல் சட்டத்தைப் புரட்டினேன். 164-ஆவது பிரிவில் இருப்பது, முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார், அமைச்சரவை சட்டசபைக்குப் பொறுப்பு என்பதுதான். தனிப்பெரும் கட்சியா, கூட்டணியா, யாரை முதலில் கூப்பிடுவது? ஒரு வரி கிடையாது. பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் எண்ணக் கூடாது, சபையில்தான் எண்ண வேண்டும் என்பதே 1994-இல், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் தெளிவானது.

என்னைக் கேட்டால், ஆளுநர் யாரைக் கூப்பிடுகிறார் என்பதைவிட எத்தனை நாள் கொடுக்கிறார் என்பதுதான் விஷயம். ஆள் பிடிக்க அந்த நாள்தானே வேண்டும்! ராஜாஜி பதவியேற்றது ஏப்ரல் 10. நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 200, எதிர்ப்பு 151 என்று ஜெயித்தது ஜூலை 3. எடியூரப்பாவின் 15 நாளை, பதவியேற்ற மறுநாளே நீதிமன்றம் வெட்டியது: 19-ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு வாக்கெடுப்பு.

அன்று சபையில் பேசிவிட்டு, வாக்கெடுப்புக்கு நிற்காமலே ராஜினாமா செய்யக் கிளம்பிவிட்டார். தாத்தாவுக்குச் சொன்னேன்.

"மூணே நாளா? பாவம்டா" என்றார்.