எங்கள் தோப்பின் புலப்படமும் பத்து சென்டிமீட்டர் துண்டும்

வாலிநோக்கம் பக்கம் எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் பனந்தோப்பு உண்டு. அதை அக்காவும் நானும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. தம்பி சவூதியில் இருக்கிறான். அதனால் தாய்ப்பத்திரம், பட்டா, நிலத்தின் எல்லைகளை அளவோடு காட்டும் புலப்படம் மூன்றையும் கீழக்கரையில் என் வீட்டிலேயே ஸ்கேன் செய்து ஆளுக்கொரு பிரதி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பத்திரத்தைக் கடைக்குக் கொண்டுபோக அம்மா சம்மதிக்கவில்லை.

முதலில் எடுத்த பிரதி கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தது. அதை விரித்து வைத்துக் கிணற்றுக்குப் போகும் பாதையைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தோம். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா வந்தவர், ஒன்றும் பேசாமல் ஓர் எல்லைக்கோட்டின் மேல் அளவுகோலை வைத்தார்.

“தாயி, இதில் 86 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. படத்தின் அளவுத்திட்டம் ஆயிரத்துக்கு ஒன்று. கோடு 8.6 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 8.1தானே இருக்கிறது?”

மூலத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே 8.6 சரியாக இருந்தது. எண்தான் எழுதியிருக்கிறதே, கோடு குறைந்தால் என்ன என்று கேட்டேன். “கிணற்றுக்கு எண் எழுதியிருக்கிறதா? எழுதாததையெல்லாம் கோட்டை அளந்துதானே சொல்லப்போகிறீர்கள்?” என்றார். அரை சென்டிமீட்டர் என்பது நிலத்தில் ஐந்து மீட்டர். நாங்கள் பாதைக்கு ஒதுக்கியதே மூன்று மீட்டர்தான்.

அன்று இரவு முழுக்க இதே வேலை. கோளாறு ஸ்கேனரில் இல்லை, பிரிண்ட் செய்யும்போது வரும் அமைப்பில் இருந்தது. காகித அளவு ‘லெட்டர்’ என்று இருந்தது. அது அமெரிக்காவில் புழங்கும் தாள். உயரம் 279 மில்லிமீட்டர். நம் ஏ4 தாளின் உயரம் 297. கூடவே ‘ஃபிட் டு பேஜ்’ என்பதும் தேர்வாகியிருந்ததால், முழுப் படத்தையும் குட்டைத் தாளுக்குள் அடக்க 94 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. 8.6 சென்டிமீட்டர் 8.1 ஆன கணக்கு இதுதான். ஏ4 என்று மாற்றினால் மட்டும் போதாது. ‘ஃபிட்’ இருக்கும்வரை ஓரம் விடுவதற்காக இன்னும் சிறிது சுருக்கும். ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கோடும் எண்ணும் ஒத்துவந்தன.

பிறகு ஒரு வழி செய்தேன். கிராஃப் தாளில் சரியாகப் பத்து சென்டிமீட்டர் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, அளவுகோலால் சரிபார்த்து, படத்தின் வெற்றிடம் வரும் இடத்தில் கண்ணாடியின் மேல் குப்புற வைத்தேன். அதன் மேல் புலப்படத்தை வைத்து ஸ்கேன் செய்தேன். பிளாஸ்டிக் அளவுகோலையே வைத்தால் தாள் தூக்கிக்கொண்டு, அதைச் சுற்றி எழுத்து மங்குகிறது. காகிதத் துண்டில் அந்தத் தொல்லை இல்லை. இனி இந்தப் படத்தை யார் எங்கே அச்சிட்டாலும் அந்தத் துண்டை அளந்தாலே நகலின் யோக்கியதை தெரிந்துவிடும்.

பத்திரம்தான் அதிகம் சோதித்தது. முத்திரைத்தாள் ஏ4-ஐ விட நீளமானது, என் ஸ்கேனரின் கண்ணாடியில் அடங்காது. மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாக எடுத்தேன். நடுவில் நான்கு வரிகள் இரண்டிலும் வரும்படி பார்த்துக்கொண்டேன். இருபுறமும் எழுதிய தாள் என்பதால் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தது. பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து மூடியதும் அது பெரும்பாலும் மறைந்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது மங்கிய மை விட்டுவிட்டுப் போனது, ஊதா முத்திரை கரும்புள்ளியானது. கலரில், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வைத்த பிறகே கையெழுத்தின் மெல்லிய இழுப்பு கூடத் தெரிந்தது. கடற்காற்றில் நமத்து நெளிந்த தாளை முதல்நாள் இரவே கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிடுவது நல்லது. கண்ணாடியையும் ஒவ்வொரு முறையும் மென்துணியால் துடைக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் இரண்டு நாளில் மெல்லிய படலம் படிந்துவிடும்.

கோப்பைச் சுருக்கும்போதும் கவனம் வேண்டும். 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரு வீட்டு வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறை 14.13 என்று வந்திருந்தது. கோப்பைச் சிறிதாக்க, ஒன்றுபோலத் தெரியும் துண்டுகளை ஒன்றாகவே கருதிப் பயன்படுத்தும் முறையால் வந்த வினை. எழுத்து துல்லியமாக இருக்கும், எண்தான் வேறாக இருக்கும்! இதைப் படித்ததிலிருந்து சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் அம்மா மூலத்திலிருந்து உரக்கப் படிக்க, நான் நகலில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். கறுப்பு வெள்ளையில் எடுத்த பழைய பிரதியில் உட்பிரிவின் 3 என்பது 8 போலத் தெரிந்ததை அம்மாவின் குரல்தான் பிடித்துக்கொடுத்தது.

இவையெல்லாம் நாங்கள் பேசி முடிக்கப் பயன்பட்ட நகல்கள்தான். பதிவுக்கு வேண்டிய சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக வாங்கினோம்.

தம்பிக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல், பிடிஎஃப் கோப்பாக ‘டாக்குமென்ட்’ வழியில் அனுப்பினேன். படமாகப் போனால் அது சுருங்கி, அளவும் தொலையும். அவன் அங்கே அச்சிட்டு, கிராஃப் துண்டின் மேல் அளவுகோலை வைத்து வீடியோ அழைப்பில் காட்டினான். “பத்து சரியாக இருக்கிறது, அக்கா” என்றான். சித்தப்பா பழைய பென்சில் கோட்டை ரப்பரால் அழித்துவிட்டு, கிணற்றிலிருந்து பாதையைப் புதிதாக வரையத் தொடங்கினார்.