சும்மா படுத்திருக்கும் மூளையை எம்ஆர்ஐயில் அளந்த அனுபவம்

உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. வேலை எதுவும் கொடுக்காமல் படுக்க வைத்தாலும் இந்தச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. கையை அசைக்காமல் இருக்கும்போதும் இடது, வலது இயக்கப் புறணிகளின் (உடல் அசைவை இயக்கும் மூளைப் பகுதிகள்) போல்ட் சிக்னல், அதாவது ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவுக்கேற்ப மாறும் எம்ஆர்ஐ சிக்னல், ஒன்றாக ஏறி இறங்குவதை 1995இல் ஆய்வாளர் பாரத் பிஸ்வாலின் குழு காட்டியது. அந்தச் சிக்னலில் ரத்த ஓட்டம், ரத்த அளவு, ஆக்ஸிஜன் செலவு மூன்றும் கலந்திருக்கின்றன. அதனால் போல்டை மட்டும் எடுத்துவிட்டு வளர்சிதை மாற்றத்தைப் பற்றிப் பேச முடியாது. ரத்த ஓட்டத்தையும் அதே அமர்வில் அளந்தாக வேண்டும்.

முதல் சிக்கல் காபி. காஃபீன் மூளையின் ரத்த ஓட்டத்தை 20 முதல் 30 சதவீதம் வரை குறைத்துவிடும். தினமும் குடிப்பவரைத் திடீரென நிறுத்தச் சொன்னால் ஓட்டம் எதிர்ப்பக்கம் எகிறும். எனவே கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். எல்லோருக்கும் ஒரே இடைவெளி வைக்கிறோம்.

3 டெஸ்லா (காந்தப்புல வலிமை) எம்ஆர்ஐ கருவியில் போல்ட் 10 நிமிடம் ஓடும்: 2 விநாடிக்கு ஒரு படம், மொத்தம் 300. கண்ணைத் திறந்து கூட்டல் குறியைப் பார்க்கச் சொல்கிறோம். கண்ணை மூடச் சொன்னால் சில நிமிடங்களிலேயே பலர் தூங்கிவிடுவார்கள். தூங்கும் மூளையின் இணைப்புகள் வேறு மாதிரி இருக்கும். போல்டை முதலிலேயே எடுத்துவிடுவதும் இதனால்தான்.

நாடித்துடிப்பு, மூச்சு இரண்டையும் கட்டாயம் பதிவு செய்யுங்கள். ஓய்வில் போல்ட் சிக்னல் மெதுவாக ஏறி இறங்கும் அலைகளை 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரையில்தான் தேடுகிறோம். நாடி நிமிடத்துக்கு 63 என்றால் 1.05 ஹெர்ட்ஸ். 2 விநாடிக்கு ஒருமுறை படமெடுக்கும்போது அது 0.05 ஹெர்ட்ஸ் அலையாக வேஷம் போட்டு, நாம் தேடும் வரம்புக்கு நடுவிலேயே வந்து உட்காரும். பிறகு எந்த வடிகட்டியாலும் அதைப் பிரிக்க முடியாது. நாடிப் பதிவு இருந்தால் மட்டுமே கழிக்கலாம். ஒரு ஆழ்ந்த பெருமூச்சும் கார்பன் டைஆக்ஸைடைக் குறைத்து, மூளை முழுவதும் சிக்னலைச் சரியவைக்கும்.

தலை அசைவு இன்னும் மோசம். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே அருகருகே உள்ள பகுதிகள் பொய்யாக நெருங்கித் தெரியும், தூரத்துப் பகுதிகளின் தொடர்பு பலவீனமாகத் தெரியும். அந்தப் படங்களை நீக்கிவிடுகிறோம்.

அடுத்தது ஏஎஸ்எல், அதாவது ரத்தத்துக்கே காந்த அடையாளம் இட்டு ரத்த ஓட்டத்தை அளக்கும் முறை. கழுத்துத் தமனிகளில் ஓடும் ரத்தத்துக்கு 1.8 விநாடி காந்த அடையாளம் இட்டு, மேலும் 1.8 விநாடி காத்திருந்து படமெடுக்கிறோம். முதியவர்களுக்கு 2 விநாடி காத்திருப்பு வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் திசுவுக்குப் போய்ச் சேராமல் தமனியிலேயே வெள்ளைக் கோடாக நிற்கும். பல்லில் உலோகம் இருந்து, அடையாளமிடும் தளம் அதற்கு அருகில் வந்துவிட்டால் ஒரு பக்கம் முழுவதும் கறுப்பாகும். அதைத் தமனி அடைப்பு என்று நினைத்துவிட வேண்டாம், தளத்தை நகர்த்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். அடையாளம் இடாத எம்-ஸீரோ படம் ஒன்றையும் மறக்காமல் எடுக்க வேண்டும். அது இல்லாமல் எண்களை மில்லிலிட்டருக்கு மாற்றவே முடியாது.

ஆக்ஸிஜன் செலவுக்கு இன்னும் இரண்டு தகவல்கள் தேவை. மண்டையோட்டின் உச்சியை ஒட்டி ஓடும் பெருஞ்சிரையில் ரத்தத்தின் டி2 நேரத்தை (எம்ஆர்ஐ சிக்னல் மங்க எடுக்கும் நேரம்; ஆக்ஸிஜனுக்கேற்ப மாறும்) அளந்து, திரும்பும் ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று கணக்கிடுகிறோம். மற்றது ஹீமோகுளோபின். அது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 14 கிராம், ஆக்ஸிஜன் செறிவு 98 சதவீதம் என்றால், ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைச் சுமக்கும் என்பதால், அந்த ரத்தத்தில் 1.34 × 14 × 0.98, அதாவது 18.4 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் ரத்தம் போனால் 9.2 மில்லிலிட்டர் வந்து சேரும். அதில் 38 சதவீதத்தை மூளை எடுத்துக்கொண்டால் செலவு 3.5 மில்லிலிட்டர்.

ஹீமோகுளோபின் 10 ஆக இருப்பவருக்கு அதே 9.2 கிடைக்க ரத்த ஓட்டம் 50லிருந்து 70ஆக வேண்டும். ரத்தசோகை உள்ள பெண்ணின் படத்தில் 70ஐப் பார்த்துவிட்டு மூளை அதிகமாக உழைக்கிறது என்று எழுதுவது பெரிய பிழை. போதாததற்கு, சிவப்பணு குறைந்த ரத்தத்தின் டி1 நேரம் (காந்த அடையாளம் மங்க எடுக்கும் நேரம்) நீளும். வழக்கமான 1650 மில்லிவிநாடியையே சூத்திரத்தில் போட்டால் ஓட்டம் உள்ளதைவிடக் கூடுதலாக வரும். ஸ்கேன் நாளன்றே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்த்துவிட்டால் இரண்டு பிழைகளையும் திருத்திவிடலாம்.