க்ரெட்டாவுக்கு நாலு டயர்: 85 கிராமிலிருந்து 20-க்கு

பேலன்சிங் மெஷினில் (வீல் நடுங்காமல் சுற்ற எவ்வளவு எடை ஒட்டணும் என்று காட்டுவது) 85 கிராம் கேட்ட என் ஹூண்டாய் க்ரெட்டா வீல் கடைசியில் 20 கிராமில் நின்றது. டயரையும் மாற்றவில்லை, ரிம்மையும் மாற்றவில்லை. இந்தப் பதிவே அதற்காகத்தான். எந்த டயர் என்பதை மட்டும் முதலில் முடித்துவிடுகிறேன்.

சைஸ் 215/60 R17 96H. 225/60 போடச் சொல்லும் கடைகள் நிறைய. விட்டம் 690 மி.மீ.யிலிருந்து 702 ஆகிவிடும், பிக்கப் மந்தமாகும். கம்பெனி சைஸே போதும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ வரை தாங்கும். குடும்பமும் லக்கேஜுமாகப் போகிற வண்டியில் அதற்குக் கீழே இறங்கவே கூடாது.

'ஆல் சீசன்' என்ற பெயரை நம்பி நம்மூரில் டயர் வாங்கத் தேவையில்லை. M+S (சேறு, பனி) முத்திரை கம்பெனி தானாகப் போட்டுக்கொள்வது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் இருந்தால்தான் பனியில் சோதித்த டயர். நமக்கு இருப்பது இரண்டே சீசன்: தார் ரோடு 60 டிகிரியைத் தாண்டும் சித்திரை, தண்ணீர் தேங்கும் ஐப்பசி. குளிருக்கென்று மென்மையாகச் செய்த ரப்பர் இந்தச் சூட்டில் வேகமாகத் தேயும். அதனால் எச்/டி (ஹைவே டெரெய்ன், தார் ரோட்டுக்கானது) பேட்டர்ன், நாலு அகலமான நேர் பள்ளம், புதிதில் சுமார் 8 மி.மீ. ஆழம். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே போனாலே மழைத் தண்ணீரில் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் லேசாகிவிடும். 'பட்டன் இன்னும் இருக்கே' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், கேஜ் வைத்துப் பாருங்கள்.

தயாரிப்புத் தேதியை மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். அந்த நாலு இலக்கம் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். உள்பக்கம் போய்விட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்கணும்.

இனி பேலன்சிங். பழைய ஸ்டிக்கர் வெயிட் எல்லாவற்றையும் முதலில் சுரண்டி எடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் கணக்கு பொய். அடுத்து வீல் மெஷினின் ஷாஃப்ட்டில் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்பது. ஒரு முறை சுற்றி ரீடிங் எடுத்து, நட்டைத் தளர்த்தி, வீலை அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றுங்கள். 5 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வீலை நடுவில் பிடிக்கிற கோன் சரியில்லை, அல்லது ரிம்மின் நடு ஓட்டையில் துரு, மண். இதைச் செய்யாமல் எத்தனை வெயிட் ஒட்டினாலும் 90-ல் ஸ்டீயரிங் நடுங்கும்.

அதைச் சரிசெய்தும் 85 கிராம் நின்றது. டயரின் கனமான இடமும் ரிம்மின் கனமான இடமும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். காற்றை முழுக்க இறக்கி, இரண்டு பக்கமும் பீடை (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) விடுவித்து, பேஸ்ட் தடவி, டயரை ரிம்மில் 180 டிகிரி திருப்பி மறுபடி ஏற்றியதும் 20. கடைக்காரர் 85 கிராமையும் ஒட்டி முடிக்கவே பார்ப்பார், ஏனென்றால் இது இருபது நிமிட வேலை. கூடக் காசு கொடுத்தாவது செய்யச் சொல்லுங்கள். புது டயரில் இருக்கும் மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம். முதலிலேயே அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் பெரும்பாலும் இந்த வேலையே வராது.

காற்று ஏற்றியதும், ரிம் விளிம்பை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரியணும். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தால் பீடு உட்காரவில்லை.

வண்டியில் மாட்டும்போது வீல் நட்டுக்கு இறுக்கம் 107 முதல் 127 நியூட்டன் மீட்டர். கன் வைத்து முழுசாக இறுக்க விடாதீர்கள்; கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு தடவை.

அலைன்மென்ட் இன்னும் பாக்கி. அதற்குள் ஸ்டெப்னி கவலை வந்துவிட்டது: டிக்கியில் இருப்பது 16 அங்குல ஸ்டீல் வீல், 205/65. விட்டம் 673 மி.மீ.தான். பஞ்சர் கடை வரைக்கும் சரி, கன்னியாகுமரி வரைக்கும் ஆகாது. அதே டிசைனில் 17 அங்குல அலாய் ஒன்று பழசு கிடைக்குமா என்று சென்னை ஜி.பி. ரோட்டில் தேடணும்; டிக்கிப் பள்ளத்தில் அது உட்காருமா என்று அளந்த பிறகுதான் காசு.